பின்சிறகு மேலே

எங்கள் அருங்காட்சியகத்தின் பூச்சித் துறைத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் மகாராஜா. காட்டில் அட்டைக்கடி பட்டு நான் பிடித்து வந்து, உருப்பெருக்கியில் கண் வீங்க வரைந்து முடித்த புதுப் புதர்ச் சிள்வண்டை, நான் பிரசவ விடுப்பில் இருந்த சமயம் பார்த்துத் தன் பெயரில் வெளியிட்டுவிட்டார். போதாக்குறைக்கு அதற்குத் தன் மாமியார் பெயரை வைத்தார். அம்மா அந்த இதழைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"இதுல உன் பேரு எங்கடி இருக்கு?"

இந்த ஆளை மூக்கறுக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

சிள்வண்டில் ஒரு சூட்சுமம் உண்டு. வளர்ந்ததற்கு முன்சிறகு மேலே, பின்சிறகு அடியில். இன்னும் தோலுரிக்க வேண்டிய குஞ்சுக்கோ தலைகீழ். அதன் குட்டிச் சிறகுகளில் பின்சிறகுதான் மேலே கிடக்கும். இதைக் கவனிக்காதவன் குஞ்சைப் பார்த்துவிட்டு, குட்டைச்சிறகு கொண்ட புது இனம் என்று குதிப்பான். மகாராஜா உருப்பெருக்கியில் கண் வைத்தே வருஷக்கணக்காகிறது.

காட்டோரச் செடி ஒன்றில், எங்கும் காணக்கிடைக்கும் சாதாரணச் சிள்வண்டின் குஞ்சுகள் இருந்தன. ஒன்றை ஊசியில் குத்தி, 'புது இனமோ?' என்று சீட்டு வைத்து, அருங்காட்சியகத்தில் என் இழுப்பறையைப் பூட்டாமல் போனேன். இன்னொன்றை வீட்டில் ஜாடியில் வளர்த்தேன்.

"நமக்கு வாடின கீரை, அதுக்கு மட்டும் தளதளன்னு கீரையா?" என்று கணவர் புலம்பினார்.

மறுவாரமே ஊசியோடு குஞ்சைக் காணோம். நான் வாயே திறக்கவில்லை. எங்கள் தொழிலில் புது இனத்துக்கு வைத்து அச்சேறிய பெயர் அழியாது. தப்பாகிப் போனாலும், தப்பு என்ற குறிப்போடு, வைத்தவர் பெயரோடு, காலத்துக்கும் பட்டியலில் கிடக்கும். கிடக்கட்டும், நன்றாகக் கிடக்கட்டும்!

மகாராஜாவின் புது இனக் கட்டுரையோடு இதழ் வெளிவந்த அன்று அருங்காட்சியக அரங்கில் கூட்டம். அம்மாவை முன்வரிசையில் உட்கார வைத்தேன். அவளும் கண்ணாரப் பார்க்கட்டும். ஜாடி என் மடியில் இருந்தது.

மகாராஜா மேடையேறித் தொண்டையைச் செருமி, என்னைக் கை காட்டினார்.

"போன தடவ இந்தம்மாவுக்கு நான் பண்ணது அநியாயம். அதனால இந்தப் புது இனத்துக்கு அவங்க பேரையே வச்சிருக்கேன்."

திரையில் என் பெயர், லத்தீன் வாலோடு. கைதட்டல் ஓயவில்லை. அம்மா என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"உன் பேருடி! அங்க பாரு, உன் பேரு!"

ஜாடியைப் பைக்குள் திணித்துவிடலாமா என்று ஒரு கணம் கை போனது உண்மை. ஆனால் கட்டுரையை எழுதியவர் என்ற இடத்தில் இப்போதும் அவர் பெயர் மட்டும்தான். என் இழுப்பறையில் திருடி எனக்கே பிச்சை போடுகிறார், பாவி மனுஷன்!

மேடையேறி ஜாடியை அவர் முன்னால் வைத்தேன். உள்ளே நீளச் சிறகோடு சாதாரணச் சிள்வண்டு.

"சார், நீங்க எடுத்ததோட கூடப்பிறந்தது இது. ஒரே செடியில பிடிச்சேன். தோலுரிச்சு வளந்துடுச்சு. நீங்க எழுதினது குஞ்சு சார். பின்சிறகு மேல இருந்ததக்கூடவா பாக்கல?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு அரங்கமே சிரித்தது. அவர் முகம் வெளுத்துப்போனதைக் கண்குளிரப் பார்த்தேன்.

கீழே இறங்கினேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"அப்போ உன் பேரு?"

"அது எங்கயும் போகாதும்மா," என்றேன். "தப்புன்னு போட்டு, அவர் பேரோட சேந்து என்னைக்கும் இருக்கும்."