மிளகுத் தராசில் ஆறு பேர்

கமலாக்ஷி ஒரு காரியத்தில் இறங்கினால் முடித்துவிட்டுத்தான் மூச்சு விடுவாள். மட்டாஞ்சேரி பாலஸ் ரோட்டில் இது எல்லாருக்கும் தெரியும். அதனால் கேதாரநாத்துக்கும் பத்ரிநாத்துக்கும் ஹெலிகாப்டரில் போகப் போகிறோம் என்று அவள் அறிவித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. அங்கே குளிர் எப்படி இருக்கும் என்று மட்டும்தான் கேட்டார்கள்.

அறுபது வயது தாண்டியும் அவள் ஏறிப் பார்த்த மலை பழனிமலை ஒன்றுதான். போகாதே என்று யாரும் தடுத்ததில்லை. தடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தர் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த ஒருத்தர் எப்படியோ கமலாக்ஷியாகவே அமைந்துபோயிற்று. மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷம்தான் அவள் கணவர் அனந்தநாராயணன் சிநேகிதர்களோடு கேதாரத்துக்கு நடந்தே போய்விட்டு வந்தார். வந்த நாளிலிருந்து அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பனியில் கால் வழுக்கிய இடத்தில் அவர் கொஞ்சம் தயங்கினால் கமலாக்ஷியே அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பாள். அந்தக் கேதாரத்தை ஒருமுறை தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

ஏற்பாடுகளில் ஒரு குறை சொல்ல முடியாது. கணவர், மச்சினர் தம்பதி, சம்பந்தி தம்பதி, தான் என்று ஆறு பேரையும் டாக்டரிடம் இழுத்துப் போய் நெஞ்சைப் பரிசோதிக்க வைத்தாள். மதியத்துக்கு மேல் மேகம் இறங்கினால் ஹெலிகாப்டர் கிளம்பாது என்று விசாரித்து, காலை முதல் நடையிலேயே இடம் பிடிக்கச் சொன்னாள். மே மாச வேர்வையில் எல்லாரையும் கம்பளி சாக்ஸ் போட்டுப் பழகச் சொன்னதுதான் கொஞ்சம் அதிகம்.

பெங்களூரிலிருந்து டிக்கெட் போட்ட மகள் அம்மு ஒருநாள் போனில் சொன்னாள்: "அம்மா, ஆறு பேரும் சேர்ந்து நானூத்தம்பது கிலோவுக்கு மேல போகப்படாது, கேட்டியா? ஏத்தறதுக்கு முன்னாடி அங்கேயே நிறுத்துப் பாப்பாளாம். ஜாஸ்தின்னா ஒருத்தரை எறக்கி விட்டுடுவா. வேற எந்த ஹெலிகாப்டர்லயும் இப்போ இடம் கிடையாது."

கமலாக்ஷி எடை விசாரித்தாள். மச்சினர் கிருஷ்ணபிரசாத், "எண்பது இருக்கும் மன்னி, முன்னே பின்னே," என்று மிளகு விலை சொல்வதுபோல் சொன்னார். அவர் மனைவி மாதுரி, கல்யாணத்தன்று இருந்த எடையையே இன்னமும் சொன்னாள். அம்முவின் மாமனார் வெங்கிடராமனும் மாமியாரும் சம்பந்திகளாயிற்றே, அவர்களைக் குறுக்கு விசாரணை செய்ய முடியுமா?

"வாய்க்கணக்கு வேண்டாம். எல்லாரும் பஜார் ரோட்டுக்கு வாங்கோ," என்றாள் கமலாக்ஷி.

அங்கே முஹம்மதுக்காவின் மிளகுக் கிடங்கு இருக்கிறது. கொச்சியில் மிளகு நிறுக்கிற தராசைவிட யோக்கியமான தராசு கிடையாது என்பது அனந்தநாராயணனின் சித்தாந்தம். நாற்பது வருஷம் மிளகுத் தரகு பார்த்தவர். அன்றைக்கு முஹம்மதுக்கா சரக்கு பார்க்கக் குமுளிக்குப் போயிருந்தார். கிடங்கு ஆள் தங்கதுரை மிஷினைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றான். ஒவ்வொருத்தராகக் கைப்பையோடு தும்மிக்கொண்டே ஏறினார்கள். சம்பந்தியம்மாள் செருப்பைக் கழற்றி, கைக்கடிகாரத்தைக் கழற்றி, மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆச்சரியம் பாருங்கள், ஒவ்வொருத்தரும் நினைத்ததைவிடக் குறைவு! மாதுரி சின்னப் பெண்போலக் குதித்து இறங்கினாள். அனந்தநாராயணன் தன் தொப்பையைத் தட்டிக்கொண்டு, "நடைப் பயிற்சியோட குணமாக்கும்," என்றார். கூட்டிப் பார்த்தால் நானூற்று நாற்பத்தைந்து. அன்றைக்கு எல்லாருக்கும் சாயாவும் பழம்பொரியும் அனந்தநாராயணன் செலவு.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, கஷாயப்பொடிக்குச் சுக்கும் மிளகும் வாங்கக் கமலாக்ஷி மறுபடி அந்தக் கிடங்குக்குப் போனாள். முஹம்மதுக்கா இருந்தார். வாசலில் தராசிலிருந்து ஒரு மிளகு மூட்டையை இறக்கிவிட்டு ஆட்கள் நகர்ந்தார்கள். காலித் தராசின் சிவப்பு எழுத்து அவள் கண்ணில் பட்டது.

"இதென்ன முஹம்மதுக்கா, ஒண்ணும் வைக்காமலே மைனஸ் மூணு காட்டறது?"

"அது சாக்குக்கும் அடிப்பலகைக்கும் உள்ள கழிவு மாமி. ஒவ்வொரு மூட்டைக்கும் யாரு கழிச்சிட்டு இருக்கது? மிஷின்லயே போட்டு வச்சாச்சு. மிளகுக்கு ஒரு கிராம் தப்பாது."

"மனுஷாளுக்கு?"

"மனுஷனை நான் எதுக்கு மாமி சாக்குல கட்டப்போறேன்?" என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லா! நம்ம அனந்தநாராயண சாமி எங்கிட்ட சாக்குக் கழிவுக்கு எத்தனை சண்டை பிடிச்சிருக்காரு! அவருக்குமா தோணல?"

தோன்றவில்லைதான். தனக்குக் குறைத்துக் காட்டுகிற தராசை யார் சந்தேகப்படுவார்கள்? ஆளுக்கு மூன்று கிலோ. ஆறு பேருக்குப் பதினெட்டு. வரம்புக்கு மேலே பதின்மூன்று கிலோ நிற்கிறது.

பேசாமல் இருந்துவிடலாமா என்று வீட்டுக்கு நடக்கும்போது ஒரு நிமிஷம் நினைத்தாள். ஆனால் மலையடிவாரத்தில் போய் நின்று, யாராவது ஒருத்தர் இறங்குங்கள் என்று அவர்கள் சொன்னால் மற்ற ஐந்து தலையும் யார் பக்கம் திரும்பும் என்று அவளுக்கா தெரியாது? இங்கேயே முடிவாகட்டும் என்று அன்று சாயங்காலமே எல்லாரையும் கூட்டிவைத்துச் சொல்லிவிட்டாள்.

கூடம் கலகலத்துப் போயிற்று. ஒரு வாரம் கஞ்சி மட்டும் குடிக்கிறேன் என்றார் கிருஷ்ணபிரசாத். அப்போதும் அவர் கையில் முறுக்கு இருந்தது. கைப்பைகளைக் கீழேயே வைத்துவிடலாம் என்றார் வெங்கிடராமன். ஆறு கைப்பையும் சேர்ந்தால் பத்து கிலோகூடத் தேறாது, மருந்தும் ஸ்வெட்டரும் இல்லாமல் அங்கே இறங்கவும் முடியாது. ஒருத்தர் நின்றுதான் ஆக வேண்டும். சம்பந்திகளை நில்லுங்கள் என்று சொன்னால் அம்முவின் பாடு திண்டாட்டம். கிருஷ்ணபிரசாத் இல்லாமல் மாதுரி தெருமுனை கடைக்குக்கூடப் போகமாட்டாள்.

"மன்னிக்கு எப்பவும் பெரிய மனசு," என்றாள் மாதுரி, யாரையும் பார்க்காமல்.

அதுதான் சமயம். வழக்கமாக இந்த இடத்தில் கமலாக்ஷி, "நான் இருந்துக்கறேன், நீங்கள்லாம் போயிட்டு வாங்கோ," என்பாள். எல்லாரும் வேண்டாம் வேண்டாம் என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு நிம்மதியாகக் காப்பி குடிப்பார்கள். இன்றைக்கும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று தெரிந்தும் உட்கார்ந்திருந்தாள்.

அனந்தநாராயணன் கனைத்தார். "கமலா, வேணும்னா அடுத்த வருஷம் நாம ரெண்டு பேருமா..."

"ஏண்ணா, நான் போறேன்," என்றாள்.

"அப்போ நான்?"

"நீங்க போயிட்டு வந்தாச்சே. நான் உங்கம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துண்டு இருந்தேன்."

வெங்கிடராமன் ஃபேனைப் பார்த்தார். முறுக்கு கடிக்கும் சத்தம் நின்றது. அனந்தநாராயணன் எழுந்து உள்ளே போனார். முப்பத்தைந்து வருஷத்தில் நாலு பேருக்கு எதிரே அவள் அவரை அப்படிச் சொன்னதில்லை. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கமலாக்ஷிக்கு மனசு வரவில்லை. எதற்கு எடுத்துக்கொள்ள வேண்டும்? பொய்யா சொன்னாள்?

உள்ளேயிருந்து போன் பேசும் குரல் கேட்டது.

"அம்மு, என் பேரை வெட்டிடு... இல்லடி, சண்டையெல்லாம் ஒண்ணுமில்லை. உங்கம்மா போணும்... ஆமாம், அவள்தான். எத்தனையோ முந்தியே போயிருக்கணும்."

அவரவர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். மாதுரி போகும்போது ஏனோ கமலாக்ஷியின் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள். கூடத்தில் இவர்கள் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். அனந்தநாராயணன் சோபாவின் நுனியில் வந்து உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பத்து நாளா, கமலா?"

"போக வர எல்லாம் சேர்த்து, ஆமாம்."

"இந்த ஆத்துல நான் ஒருநாள்கூடத் தனியா இருந்ததில்லை, தெரியுமா? உங்கிட்ட சொல்றதுக்கென்ன, எனக்குப் பயமா இருக்குடி."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தப் பெரிய உடம்பு சோபாவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. கண் நிறைந்துவிட்டது. நானும் போகலை, விடுங்கோ என்ற பேச்சு தொண்டை வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பழகிடும்ணா," என்றாள். "எனக்குப் பழகலையா?"