கன்னத்தில் ஒதுக்கிய மருந்து

போதை ஊசியைக் கைவிட நினைப்பவனுக்கு அந்தச் சிறையில் ஒரே ஒரு வழி இருந்தது. மருத்துவ அறையில் காலைதோறும் நர்ஸம்மா ஊற்றித் தரும் மெத்தடோன் மருந்து. குடித்தால் உடம்பு அடங்கும், ஊசியைத் தேடாது. ஆனால் அது சிலருக்குத்தான் கிடைக்கும். அங்கே கைதியாக இருந்த வெல்டருக்குக் கிடைத்தது. கை நடுக்கம் நின்று, சிறைப் பட்டறையில் மறுபடியும் கோணாமல் இரும்பைப் பற்றவைக்க ஆரம்பித்திருந்தான்.

அப்போதுதான் திருட்டு வழக்கில் அவன் மச்சினன் அதே கூடத்துக்கு வந்து சேர்ந்தான். மனைவியின் ஒரே தம்பி. அவனுக்கும் இதே பழக்கம். வந்த மறுநாளே வாந்தி, பேதி. கால்கள் தானாக உதறின.

"பேரு எழுதி வச்சிருக்கேன். ஒருத்தர் போனாத்தான் இன்னொருத்தருக்கு இடம்," என்றாள் நர்ஸம்மா.

கூடத்தில் ஓர் ஊசி சுற்றிக்கொண்டிருந்தது. பேனாக் குழாயில் செருகிக் கட்டியது, முனை மழுங்கிப்போனது. அது எத்தனை பேர் கை மாறியது என்று யாருக்கும் தெரியாது. மச்சினன் அந்தப் பக்கம் நகர்ந்தபோது வெல்டர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அதுல ஏறுறது சரக்கு மட்டும் இல்ல மாப்ள, கண்டவன் ரத்தமும்தான். உங்கக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"பதில நீங்க யோசிங்க மாமா. எனக்கு இங்க உயிர் போகுது."

மறுநாள் காலை வெல்டர் பாதி மருந்தைத்தான் விழுங்கினான். மீதியை, மெத்தையிலிருந்து கிள்ளிய ஸ்பாஞ்சுத் துண்டில் ஊறவிட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டான். கூடத்துக்கு வந்து டம்ளரில் பிழிந்தான். மச்சினன் அதைப் பார்த்து முகம் சுளித்தான்.

"குடிடா. உங்க வீட்ல எனக்கு மரியாதையே இல்லன்னு நெனச்சேன். இப்ப என் எச்சிக்கே வந்துருச்சு பாரு."

இருவருக்கும் அரை மருந்து, அரைத் தூக்கம். வியர்த்துக் கொட்டியது. ஆனாலும் ஊசியைத் தொடவில்லை. அது ஒரு வாரம்கூட ஓடவில்லை. வார்டர் வாயைத் திறக்கச் சொன்னார், ஸ்பாஞ்சு கீழே விழுந்தது.

"காசுக்கு விக்கல சார், மச்சினனுக்குத்தான் கொடுத்திருக்கான்," என்று நர்ஸம்மா மன்றாடிப் பார்த்தாள்.

"ரூல்னா ரூல்தாம்மா," என்றார் அதிகாரி.

வெல்டரை மருந்திலிருந்து நீக்கினார்கள். காலியான இடம் வரிசையில் அடுத்து இருந்தவனுக்குப் போனது. அது மச்சினன்.

முதல் நாள் குடித்துவிட்டு வந்து தலை குனிந்து நின்றான். "வாய்க்குள்ள விரல விட்டுப் பாக்குறாங்க மாமா."

"நீ முழுசா முழுங்கு. ஒருத்தனாவது தேறட்டும்," என்றான் வெல்டர். மனதாரத்தான் சொன்னான். ஆனால் உடம்பு கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சில நாள் சுருண்டு கிடந்தான். பிறகு ஒரு பிற்பகல் பேனாக் குழாய்க்குக் கை நீட்டினான். மச்சினன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

சில மாதம் கழித்து எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். வெல்டருக்கு எச்.ஐ.வி.

"இதுக்கு மாத்திரை இருக்கு. நாளைக்கே ஆரம்பிச்சிடலாம்," என்றாள் நர்ஸம்மா.

"இதுக்கு வரிசை கிடையாதாம்மா?"

"இல்லப்பா."

"அப்ப அந்த மருந்து?"

"கேட்டுட்டேதான் இருக்கேன்," என்றவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த முறை மனைவி பார்க்க வந்தாள். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் வெல்டரும் மச்சினனும் நின்றார்கள்.

"தம்பி மூஞ்சி எவ்வளவு தெளிஞ்சிருக்கு! எல்லாம் நீங்க கூட இருக்கறதாலதான்."

வெல்டர் சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லிவிட்டான். அவள் கண் முதலில் தம்பியிடம் போனது. "உனக்கு?"

"இல்லக்கா."

அவளை அறியாமல் ஒரு பெருமூச்சு வந்துவிட்டது. வந்த பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. வலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தம்பி மெல்ல நழுவி உள்ளே போய்விட்டான்.

"இனிமேலாவது அந்த ஊசியத் தொட மாட்டீங்கல்ல?" என்று கேட்டாள்.

வெல்டர் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"மாட்டேன்," என்றான்.