தலைப்பு மாற்றப்படவில்லை

1

இந்தக் கதை ஒரே ஒரு வரியிலிருந்து வந்தது. அந்த வரியை நான் எழுதவில்லை. எழுதியவர் யாரென்றும் தெரியாது.

என் அக்காவின் நுரையீரலுக்குத் துணையாக ஓர் ஆக்சிஜன் இயந்திரம் வீட்டுக்கு வந்தது. கூடவே அவசரத்துக்கு ஒரு சிலிண்டர், ஒரு டேப்லெட், டேப்லெட்டுக்குள் இயந்திரத்தின் கையேடு. கையேட்டின் கடைசிப் பக்கத்தில், யாரும் சீந்தாத பொடி எழுத்தில், ஒவ்வொரு பதிப்பிலும் செய்த மாற்றங்களைப் போட்டிருந்தார்கள். ஏழாம் பதிப்புக்கு நேராக இப்படி இருந்தது:

'முதல் பக்கத்து இணைப்பு சரிசெய்யப்பட்டது. தலைப்பு மாற்றப்படவில்லை.'

செய்ததைக் குறித்து வைப்பார்கள், சரி. செய்யாததை யாராவது மெனக்கெட்டுக் குறித்து வைப்பார்களா? யாரோ மாற்றச் சொல்லியிருக்க வேண்டும், யாரோ முடியாது என்றிருக்க வேண்டும். அந்த முடியாது என்ற ஆளுக்கு நான் நன்றி சொல்லியாக வேண்டும். ஆள் கிடைக்காததால் கற்பனை செய்கிறேன்.

2

'அவள் கணினியைத் திறந்தபோது வானம் மெல்ல' — வானத்துக்கு இங்கே என்ன வேலை? விட்டுவிட்டேன்.

'மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடியே அவள்' — இதை அக்கா படித்துவிட்டாள். "கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தாலே கண்ணாடி மாட்டி விட்டுடுவியாடா? கண்ணு நல்லா இருந்துட்டுப் போகட்டுமே, பாவம்" என்றாள். கழற்றிவிட்டேன்.

(அந்த வரியை எழுதியவர் ஆணாகவும் இருக்கலாம். ஆனால் பிடித்த பிடியை விடாத மனுஷி ஒருத்தியைத்தான் எனக்குக் கிட்டத்தில் தெரியும், அவள் இப்போது பக்கத்து அறையில் இருமிக்கொண்டிருக்கிறாள். ஆகவே, அவள்.)

3

அவள் கையேடு எழுதுபவள். அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'பொழிப்புரை'. மணி என்ன என்று கேட்டால்கூட விளக்கமாகச் சொல்வாள் என்பதால். மேசை, அச்சு இயந்திரத்துக்கும் தண்ணீர்க் கேனுக்கும் நடுவில். தாகம் எடுத்தவர்களும் தாள் சிக்கியவர்களும் அவள் நாற்காலியை இடிக்காமல் போக முடியாது.

மத்தியானம் இரண்டு மணிக்கு அவளுக்கு ஒரு போன் வந்தது. வீடு வீடாகப் போய் இயந்திரம் பொருத்துகிறவர். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்து கிளம்பும் முன், அந்த வீட்டு ஆள் ஒருவரை டேப்லெட்டின் முதல் வரியைத் தொடச் சொல்வார். இயந்திரம் நின்றுபோனால் என்ன செய்வது என்று சொல்லும் பக்கம் உடனே திறக்க வேண்டும். அதைப் பார்க்காமல் செருப்பை மாட்ட மாட்டார்.

"மேடம், மொதல் வரியத் தொட்டா எங்கயும் போக மாட்டேங்குது."

"மத்த வரியெல்லாம்?"

"அதெல்லாம் ஜம்முனு போகுது. இது மட்டும் அசைய மாட்டேங்குது. வீட்டுக்காரங்க பாக்கறாங்க மேடம், மானம் போகுது."

"அந்த வீட்டை அப்படியே விட்டுட்டுக் கிளம்பிடாதீங்க."

"நின்னா என்ன பண்ணணும்னு பேப்பர்ல எழுதிச் செவுத்துல ஒட்டிட்டேன். ஆனா எத்தன வீட்டுல ஒட்டுவேன்?"

அந்தப் பக்கத்தில் கை வைத்தது அவள்தான். இயந்திரம் நின்றால் அதன் குட்டித் திரையில் 707 என்று மின்னும். ஐந்தாம் பதிப்பு வரை அந்தப் பக்கத்தின் தலைப்பும் வெறும் 707. மூச்சு முட்டுகிறவர் வீட்டில் எண்ணைப் பார்த்து யாருக்கு என்ன புரியும் என்று ஆறாம் பதிப்பில் அவளே மாற்றினாள்: 'இயந்திரம் நின்றுவிட்டதா? (பதறாதீர்கள்)'. தன் கணினியின் முன்னோட்டத்தில் தொட்டுப் பார்த்தாள், போனது. டேப்லெட்டில் தொட்டுப் பார்க்கவில்லை.

4

(இங்கே கொஞ்சம் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள், முடிவுக்கு வேண்டும். கையேட்டை மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு முறையில் எழுதுகிறார்கள். அதில் ஓர் இணைப்புக்குச் சதுர அடைப்பும் வளைவு அடைப்பும் உண்டு. சதுரத்துக்குள் நாம் பார்க்கும் சொல். வளைவுக்குள், ஒரு # குறிக்குப் பின்னால், போய்ச் சேர வேண்டிய முகவரி. அந்த முகவரியைத் தலைப்பிலிருந்து நிரலே செய்துகொள்ளும். பொருளடக்கத்து இணைப்புகளையும் நிரலே போட்டுவிடும். முதல் வரி மட்டும் அவள் கையால் எழுதியது.)

இரண்டு மேசை தள்ளி நிரல்காரர். எட்டிப் பார்த்தார்.

"கேள்விக்குறி, அடைப்பு எல்லாத்தையும் நிரல் தூக்கிப் போட்டுடும். நீங்க இணைப்புல அதையும் சேர்த்து எழுதியிருக்கீங்க."

எடுத்தாள். டேப்லெட்டில் தொட்டாள். ஊகூம். இடைவெளிகளில் சிறு கோடு போட்டாள். ஊகூம். கடைசியில் நிரல்காரர் டேப்லெட்டின் வயிற்றைத் திறந்து, நிரல் செய்துவைத்திருந்த முகவரியையே வெளியே எடுத்துக் காட்டினார்:

இயநதரம-நனறவடடத-பதறதரகள

"என்னங்க இது, பல்லு விழுந்த மாதிரி இருக்கு!"

"கொம்பு, கால், புள்ளி எல்லாம் இதுக்குக் குப்பை. உங்க முன்னோட்டம் தாராள மனசு, எப்படி எழுதினாலும் கொண்டுபோய் விட்டுடும். இது அப்படி இல்ல. இந்த முகவரிய அப்படியே ஒட்டினாலும், தலைப்புல ஒரு எழுத்து மாறினா மறுபடி அறுந்துடும்."

5

முதல் வரைவில் நிரல்காரரை வில்லனாக்கியிருந்தேன். மேசையை எல்லாம் தட்டினார். பிறகு யோசித்தேன். அவர் இல்லாமல் வேலை நடந்திருக்காது, நான் பாட்டுக்கு ஒருவர் தலையில் பாவத்தைக் கட்டுவதா? தட்டியதை அடித்துவிட்டேன். சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டேன்:

"பேசாம தலைப்ப பழையபடி 707ன்னு மாத்திடுங்க பொழிப்புரை. ரெண்டு நிமிஷ வேலை. நாலு மணிக்குப் பதிப்பு எல்லா வீட்டுக்கும் போகணும். கையேட்டுல போய் ஆறுதலா?"

அவள் பக்கத்துக் கேனில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்தாள்.

"தலைப்பு மனுஷங்களுக்கு. முகவரி மெஷினுக்கு. ரெண்டும் ஏன் ஒண்ணா இருக்கணும்? தலைப்பு அப்படியே இருக்கட்டும். பக்கத்துல முகவரிய நான் கையால எழுதிடறேன், 707ன்னு."

"நம்ம நிரல் கையால எழுதினத மதிக்காது."

"மதிக்க வைங்க."

மணி மூன்றே கால். அவர் தலையில் அடித்துக்கொண்டார், சிரித்தும்விட்டார். இருபது நிமிடத்தில் மதிக்க வைத்தார். புதிய பதிப்பை முதலில் பொருத்துகிறவரின் டேப்லெட்டுக்கு மட்டும் அனுப்பினார்கள். போன் வந்தது. "போகுது மேடம்! தொட்ட ஒடனே போகுது!"

அவள் மாற்றங்களின் பட்டியலில் அந்த வரியைச் சேர்த்தாள். நிரல்காரர் படித்தார்.

"செய்யாததையெல்லாமா எழுதுவாங்க?"

"நாளைக்கு வேற யாராவது, நல்ல மனசோடதான், 707ன்னு சுருக்கிடக் கூடாது இல்ல?"

6

அலுவலகத்தில் நடந்ததெல்லாம் என் கற்பனை. பொருத்துகிறவர் மட்டும் உண்மை. எங்கள் வீட்டுக்கும் வந்து, என்னையும் தொடச் சொன்னார். இதெல்லாம் ஒரு வேலையா என்று மனதுக்குள் அலுத்துக்கொண்டேதான் தொட்டேன்.

ஒன்பது நாள் கழித்து, பிற்பகலில், இயந்திரத்தின் சத்தம் நின்றது. அந்த உர்ரென்ற சத்தத்தை எத்தனை நாள் திட்டியிருக்கிறேன்! அக்காவின் உதடு நிறம் மாறியது. அவளால் பேச முடியவில்லை. குட்டித் திரையில் 707. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. விரல் மட்டும் தானாகப் போய் முதல் வரியைத் தொட்டது. பக்கம் திறந்தது.

இயந்திரம் நின்றுவிட்டதா? (பதறாதீர்கள்)

அந்த அடைப்புக்குள் இருந்த சொல் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது. கீழே படி ஒன்று: குழாயைச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். படி இரண்டு: குமிழை இடப்பக்கமாகத் திருப்புங்கள். திருப்பினேன். உஸ்ஸென்று காற்று வந்தது.

சில நிமிடம் கழித்து அக்கா பேசிய முதல் வார்த்தை: "மூஞ்சி ஏன்டா இப்படி வெளுத்துக் கெடக்கு? பதறாதன்னு போட்டிருக்குல்ல?"

சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு அழுதேன்.

7

முடிவுகள்:

அ. நான் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுகிறேன், அது அவள் மேசைக்குப் போகிறது. (எழுதினேன். 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்று அவர்கள் கணினி தானாகவே பதில் போட்டது.)

ஆ. அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள், தன் வரி என்ன செய்தது என்று தெரியாமலே வேறெங்கோ — இல்லை. மனம் வரவில்லை.

இ. பொருத்துகிறவர் அவளிடம் போய் —

அக்கா பக்கத்து அறையிலிருந்து குரல் கொடுத்தாள். "முடிவ நீ எழுதாத. அவ எங்கயோ நல்லா இருக்கா. பாக்கற அன்னிக்கு அவளே சொல்லட்டும்."

சரி. எனக்குத் தெரிந்தவரை ஓர் இணைப்பைப் போட்டு வைக்கிறேன். சதுர அடைப்புக்குள் எழுத வேண்டியது எனக்குத் தெரியும். வளைவுக்குள் அவள் முகவரி வேண்டும், என்னிடம் இல்லை. உங்களுக்கு அவளைத் தெரிந்தால் நிரப்புங்கள். யாரோ எடுத்துவிடச் சொன்ன ஓர் அன்பான சொல்லை நீங்கள் எங்காவது எடுக்காமல் விட்டிருந்தால், உங்கள் முகவரியையே எழுதிக்கொள்ளலாம், தவறில்லை.

காலியாகவே விட்டாலும் பரவாயில்லை. # குறிக்குப் பின் ஒன்றும் இல்லாவிட்டால், இணைப்பு இந்தப் பக்கத்தின் உச்சிக்குக் கொண்டுபோய் விடும். அங்கே தலைப்பாக அவள் எழுதிய வரிதான் இருக்கிறது.

[நன்றி](#      )