வீராயிக்கு ஒதுக்கிய சுவர்

படம் கேட்டு வருகிறவனுக்கு நான் உடனே எடுத்துக் கொடுப்பதில்லை. திருச்செல்வம் கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஆரஞ்சும் பிஸ்கட் டின்னும் கொண்டுவந்தான். அப்போதே எனக்குள் உறுத்தியது. செத்து எத்தனையோ வருஷமான எங்கள் அம்மாவுக்காக ஒருவன் பிரிக்பீல்ட்ஸிலிருந்து பழம் சுமந்துகொண்டு வருவானா?

நாற்பது வயசிருக்கும். காலேஜில் பாடம் நடத்துகிறவன். பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் ஆசாத் ஹிந்த் அரசாங்கத்தைப் பற்றிக் கண்காட்சி வைக்கிறார்களாம். ஜப்பான்காரன் காலத்தில் சிங்கப்பூரில் அறிவித்த சுதந்திர இந்திய அரசாங்கம் அது. கொடி இருந்தது, பட்டாளம் இருந்தது, மந்திரிகள் இருந்தார்கள். நிலம்தான் பேருக்கு. ஜப்பான்காரன் தோற்றதும் அந்த நாடும் கலைந்துபோனது. இங்கே ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய நம் சனங்கள்தான் அதற்குக் குடிமக்கள்.

"உங்க அம்மா வீராயி அந்த நாட்டுக்குத் தாலியவே கழட்டிக் கொடுத்தவங்க, அங்கிள். ஒரு முழுச் சுவரே அவங்களுக்குத்தான்," என்றான்.

என் அக்கா இராஜம்மாவுக்கு அந்த முழுச் சுவர் போதும். முகமெல்லாம் பூரித்துக் காபி கலக்கப் போனாள்.

"எதுக்குக் கொடுத்தாங்கன்னு எழுதுவீங்க?" என்று கேட்டேன்.

"நாட்டுக்காகத்தான்."

"எங்கப்பாவுக்காக."

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை இது. தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணிதான் அந்த அரசாங்கத்துக்கு நகை வசூல் பண்ணினான். சயாம் ரயில் பாதை வேலைக்கு ஜப்பான்காரனிடம் ஆள் பிடித்துக் கொடுத்தவனும் அவனே. சயாமுக்குப் போனவன் திரும்பி வருவதில்லை என்று அதற்குள் ஊரே பேசிக்கொண்டிருந்தது. 'தாலியத் தட்டுல போடு, உன் புருஷன் தம்புசாமிய நான் அனுப்பல' என்று அம்மாவிடம் சொன்னான். அம்மா போட்டாள். அடுத்த மாதமே அப்பாவை லோரியில் ஏற்றிவிட்டார்கள்.

திருச்செல்வம் பொறுமையாகக் கேட்டான். பொறுமையாகக் கேட்கிறவனிடம்தான் எனக்கு அதிகப் பயம்.

"சயாம் ஜப்பான்காரன் கதை, அங்கிள். அது வேற எக்ஸிபிஷன் லா. இதப் பத்தியே எங்க கமிட்டியில சண்டை. லஞ்சக் கதையப் போட்டா, மனசாரக் கொடுத்த மத்தவங்க பேரும் கெட்டுப்போகும்னு சொல்றாங்க. அவங்க சொல்றதும் நியாயம்தானே?"

"சரி. கிராணி பேரப் போடுவீங்களா?"

"அவங்க குடும்பமெல்லாம் இருக்கே..."

"எங்க இருக்கு? உனக்குத் தெரியுமா?"

அவன் போனை எடுத்தான். அதில் சுவரின் மாதிரியைக் காட்டினான். பழைய போட்டோவில் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஓரத்தில் ஒரு கை நகைத் தட்டை ஏந்துகிறது. முழங்கையோடு படம் முடிந்துவிட்டது.

"இந்தக் கை யாருது?"

"லேஅவுட்டுக்காக வெட்டினது, அங்கிள்."

"தலைய வெட்டிட்டுக் கைய மட்டும் வச்சா அது லேஅவுட்டா?"

"டேய் வாசு!" அக்கா உள்ளேயிருந்து கத்தினாள். "வீட்டுக்கு வந்த புள்ளைய இப்படியா விசாரிப்ப? ஷா ஆலம் கிடங்குல மூட்ட தூக்கினவன் போலீஸ்ல சேர்ந்திருக்கணும்டா நீ."

அவன் போன பிறகு எங்களுக்குள் பெரிய வாக்குவாதம்.

"உனக்கு என்ன தெரியும், பின்னால பொறந்தவன்," என்றாள் அக்கா. "புருஷன் உசுரோட இருக்கையிலேயே தாலி அறுத்தவன்னு தோட்டமே பேசிச்சு. ஒரு கல்யாணத்துலயும் அம்மாவ முன்னால நிக்க விடல. நலங்கு வைக்க விடல. நான் பக்கத்துலயே நின்னு பார்த்தவ. இப்பதான் ஒருத்தன் கும்புட வரான். அதையும் கெடுக்காத."

"அவன் எழுதுறது பொய்யிக்கா."

"நீ சொல்ற நெசம் என்ன? லஞ்சம் கொடுத்து ஏமாந்தவ. அதச் சுவத்துல மாட்டப் போறியா?"

என்னிடம் சொல்லாமலே அக்கா மறுநாள் அம்மாவின் படத்தைக் கொடுத்தனுப்பிவிட்டாள்.

திறப்பு விழா அன்று இரண்டு பேரும் கொமுட்டர் ரயிலில் போனோம். அக்கா பட்டுப்புடவை கட்டியிருந்தாள்.

மண்டபத்தில் இன்னும் ஆள் சேரவில்லை. சுவரில் அம்மா என்னைவிட உயரமாக இருந்தாள். கீழே எழுத்து: 'கட்டிய தாலியைவிட நாடே பெரிது என்று கொடுத்த வீராங்கனை வீராயி.' அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப் போனாள்.

"வாசு, அம்மா கழுத்தப் பாருடா."

பார்த்தேன். கழுத்தில் ஒன்றும் இல்லை.

அப்பா சயாமிலிருந்து திரும்பினார். எலும்பும் காலெல்லாம் புண்ணுமாக வந்தவர், வந்த வாரமே தோட்டத்து மாரியம்மன் முன்னால் மஞ்சள் கயிற்றை மறுபடியும் கட்டினார். பவுன் வாங்க வழியில்லை, மஞ்சள் கிழங்குதான். அம்மா அதைக் கழற்றவே இல்லை. அப்பாவுக்கு முன்னால் பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்தாள். ஏசின வாயெல்லாம் அன்றைக்கு அவள் காலில் விழுந்தது. அக்கா கொடுத்தனுப்பிய படத்தில் அந்தக் கயிறு தடிமனாகத் தெரியும்.

திருச்செல்வம் ஓடி வந்தான். "ஆன்டி, தாலியக் கொடுத்தாங்கன்னு எழுதிட்டுக் கழுத்துல தாலி இருந்தா பார்க்கிறவங்க குழம்புவாங்க இல்லையா? டிசைனர் அத கிளீன் பண்ணிட்டாரு."

"கிளீனா? எங்கப்பா கட்டுனது அழுக்கா?"

"அப்படி இல்ல ஆன்டி..."

"தோட்டத்துல வாயால அறுத்தாங்க. நீ கம்ப்யூட்டர்ல அறுத்துட்ட." அக்கா என் பக்கம் திரும்பினாள். "எறக்குடா."

அட்டைப் படம்தான். ஒரே தூக்கில் கழன்று வந்தது.

திருச்செல்வம் தடுக்கவில்லை. "படம் உங்களோடது, எடுத்துக்குங்க. எழுத்து கமிட்டியோடது. அது இருக்கும்," என்றான். சாயந்திரத்துக்குள் வேறொரு வெறும் கழுத்தை அங்கே மாட்டிவிடுவான் என்று எனக்குத் தோன்றியது. அந்த எழுத்துக்கு யார் கழுத்து கிடைத்தாலும் போதும்.

"வா, வீட்டுக்குப் போலாம்," என்றேன்.

அக்கா வரவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வெறும் சுவரடியில் போட்டு உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் தன் மகள்களோடு வந்தாள். எழுத்தைப் படித்தாள், படம் எங்கே என்று தேடினாள், பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"அவங்க எங்கம்மா," என்றாள் அக்கா. "இதுல எழுதியிருக்கிறது நெசமில்லம்மா. உக்காரு, சொல்றேன்."

லஞ்ச விஷயத்தை விழுங்கிவிட்டு, அப்பா திரும்பக் கட்டிய கயிற்றிலிருந்துதான் ஆரம்பிப்பாள் என்று நினைத்தேன். என் அக்காவை எனக்குத் தெரியும்.

"எங்கம்மா அத நாட்டுக்குக் கொடுக்கல. கிராணிக்கு லஞ்சமாக் கொடுத்தாங்க. புருஷன விட்டுடுவான்னு நம்பினாங்க," என்று ஆரம்பித்தாள்.

அந்தப் பெண் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வந்தவர்கள் நின்றார்கள். மூலையில் திருச்செல்வம் வாயைப் பொத்திக்கொண்டு போனில் பேசினான். காவல்காரனைக் கூப்பிடுகிறான் என்று நினைத்து, நான் படத்தை அணைத்துக்கொண்டு அக்கா பக்கத்தில் போய் நின்றேன். காவல்காரன் வரவில்லை. திருச்செல்வமே இரண்டு போத்தல் தண்ணீரோடு வந்தான். ஒன்றை அக்காவிடமும் மற்றதை என்னிடமும் கொடுத்துவிட்டு, கூட்டத்தின் ஓரமாக நின்றுகொண்டான்.

அக்கா குடித்துவிட்டுக் கதையைத் தொடர்ந்தாள். நான் என் போத்தலின் மூடியைத் தடவிப் பார்த்தேன். சீல் உடையவில்லை. இருந்தாலும் கீழே வைத்துவிட்டேன்.