சுவர் தாண்டிய சம்பல் வாசம்

1

“சம்பல் வதக்குற வாசம் செவுத்துக்கு மேல ஏறி அடுத்த வீட்டுக்குப் போவுதே, அது குடுத்ததா, சிந்துனதா?”

வெள்ளிக்கிழமை பஜனைக்கு வரும் பிள்ளைகளில் ஒருத்தி, சண்முகவடிவு, என்னிடம் கேட்ட கேள்வி இது. பிறருக்குக் கொடுப்பதைப் பற்றி நான் நீளமாகப் பேசி முடித்து, சுண்டல் பங்கிடப் போகிற நேரம். எனக்குப் பதில் தெரியவில்லை. “மொதல்ல சுண்டலச் சாப்பிடும்மா” என்றேன். அவள் சுண்டலைத் தின்றுவிட்டு ஓடிவிட்டாள். கேள்வியை என்னிடம் விட்டுப்போய்விட்டாள்.

இந்தக் கதை பிறந்தது அப்படித்தான். பதில் தெரியாதவன் கதை எழுதுகிறான். தெரிந்திருந்தால் ஒரு வரியில் சொல்லிவிட்டுச் சுண்டல் தின்றிருப்பேன்.

தேயிலைத் தோட்டத்து லயத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. நீளமாக ஒரே தகரக் கூரை. அதன் கீழே வரிசையாகக் காம்பிராக்கள், ஒரு குடும்பத்துக்கு ஒன்று. இடைச்சுவர் கூரையைத் தொடாது. மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும். அந்த வழியில் ஆள் போக முடியாது. புகை போகும், குறட்டை போகும், புருஷன் பெண்டாட்டி சண்டை போகும். வாசம் கேட்கவே வேண்டாம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

பனி மூடிய மலைகளின் மடியில், பச்சைக் கம்பளம் விரித்தாற்போல—

இல்லை. கம்பளம் என்றதும் கதாநாயகி சிரித்துவிட்டாள். டயகமப் பக்கத்தில் கொழுந்து பறிக்கும் ராக்காயிக்குத் தெரிந்தது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு ஒன்றுதான்.

இரண்டாவது தொடக்கம்:

ராக்காயி மாசியை உரலில் போட்டு இடித்து—

இதையும் அடித்துவிட்டேன். இந்தச் சம்பல் சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்களுக்கு. சுத்தமாக இருக்கிறவர்களின் சோற்றில் மாசிக்கருவாட்டைப் போட்டால் பாவம் எனக்குத்தான் வரும். (வெங்காயம் மட்டும் ஆகுமா என்று கேட்கிற பெரியவர்களுக்கு: குளிரில் விறைத்துக்கொண்டு அத்தனை படி ஏறுகிறவனின் தூக்குச்சட்டிக்குள் எட்டிப்பார்க்கிற சாமி அல்ல அது.)

மூன்றாவது:

ராக்காயி வெங்காயம் உரித்தாள்.

இது நன்றாக இருக்கிறது. இதன் பின்னாலேயே போவோம்.

ராக்காயி வெங்காயம் உரித்தாள். ஹட்டன் கடையிலிருந்து வந்த பம்பாய் வெங்காயம், ஒரு சாக்கு நிறைய. சேலைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த காசு அந்த வருஷம் வெங்காயமாக வந்து இறங்கியிருந்தது. சனிக்கிழமை பின்னேரம் அவள் உரித்து அரிந்ததில் அவள் கண் கலங்கியது, பக்கத்தில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த புருஷன் வீரய்யாவின் கண் கலங்கியது, வாசலோர இஸ்தோப்புத் திண்ணையில் கட்டிக் கிடந்த ஆடுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“சம்பலுக்கு அழுவுறியா, சேலைக்கு அழுவுறியா?” என்று கேட்டான் வீரய்யா.

“ஒங்க கைக்கு அழுவுறேன். அந்தக் கையால கறிவேப்பிலய உருவுங்க.”

அந்தக் கை ஒரு கதை. போன வருஷம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி பாய்ந்து, புண் சீழ் வைத்து, மணிக்கட்டுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும் என்று மருந்துக்காரர் சொல்லிவிட்டார். அன்றைக்கு ராக்காயி மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு நேர்ந்துகொண்டாள்: கை பிழைத்தால், அடுத்த மார்கழியில் தோட்டத்திலிருந்து மலைக்குப் போகிற அத்தனை பேருக்கும் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளத் தன் கையால் சீனிச் சம்பல். கை பிழைத்தது. மார்கழியும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லொறி. இன்னொரு சாக்கு வெங்காயத்துக்கு வழியில்லை. இந்தச் சட்டி சரியாக வர வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

3

இனி அம்மாக்கண்ணு. இவளைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். நல்லவளா, வாயாடியா? நல்லவளாகவே எழுதினேன், தாளில் அசையாமல் கிடந்தாள். வாயைக் கொடுத்தேன், எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

அம்மாக்கண்ணு ராக்காயிக்கு அடுத்த காம்பிரா. ஒன்றாக வளர்ந்து, ஒரே மலையில் பறித்து, ஒரே பீலியில் தண்ணீர் பிடித்தவர்கள். கதை தொடங்குவதற்கு நாலைந்து மாதம் முன்னால் ஒருநாள் ராக்காயி சம்பல் வதக்கிக்கொண்டிருந்தபோது, சுவருக்கு மேலிருந்து குரல் வந்தது.

“ஏ ராக்காயி, உப்புப் பத்தாதுடி.”

வாயில் வைக்கவில்லை. கண்ணால்கூடப் பார்க்கவில்லை. வாசத்தை வைத்தே சொல்லிவிட்டாள். ராக்காயி ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புப் பத்தவில்லை. அதுதான் பொறுக்கவில்லை. பொய்யாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள்.

அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் இருவருக்கும் பேசாமல் இருக்கத் தெரியாது. ஆகவே அம்மாக்கண்ணுவின் கோழியிடம் பேசினார்கள். அந்தக் கோழிக்கு இந்த வீடு அந்த வீடு என்ற பேதமில்லை.

“ஏ கோழி, சில பேருக்கு மூக்கு செவுத்தத் தாண்டி நீளுது, பாத்து நட, தடுக்கிரப் போவுது” என்பாள் ராக்காயி.

“கோழி, நீ போயி அவுங்க வீட்டுல தின்னாத. உப்பில்லாத வீடு. முட்டை சப்புன்னு ஆயிரும்” என்பாள் அம்மாக்கண்ணு.

கோழி இரண்டு வீட்டிலும் தின்றது.*

* இந்தக் கதையில் குறை சொல்ல முடியாத ஒரே பாத்திரம்.

4

இங்கே ஒரு விதியை மீறப் போகிறேன். இதுவரை ராக்காயியின் பக்கமே நின்று சொல்லிவந்தேன். ஆனால் சுவர் மேலே திறந்திருக்கிறது. வாசம் போகிற வழியில் கதைக்காரனும் ஒருமுறை போய்வரலாம்.

அந்தப் பக்கம் அம்மாக்கண்ணு கம்பளிக்குள் சுருண்டு கிடக்கிறாள். காலில் அட்டை கடித்த இடம் புண்ணாகி, வீங்கி, காய்ச்சலும் வந்து, கார்த்திகை முழுக்க வேலைக்குப் போகவில்லை. கஞ்சி இறங்கவில்லை. ரொட்டியைக் கண்டாலே குமட்டியது. மகன் வைத்துவிட்டுப் போன ரொட்டி தலைமாட்டில் காய்ந்து கிடந்தது.

அந்த மாதத்தில் ஒரு மாலை சுவருக்கு மேலே அது வந்தது. முதலில் எண்ணெய் சூடேறும் வாசம். பிறகு கறிவேப்பிலை, பட்டை. அப்புறம் வெங்காயம், அவசரமில்லாமல், இனிப்பும் காரமுமாக. கீழே நாட்டுப்புறத்திலிருந்து தேங்காய் கொண்டுவரும் சிங்களத்து அம்மாவிடம் ராக்காயி கற்றுக்கொண்ட பக்குவம். தணலில் வைத்து மெதுவாக வதக்குவது. அம்மாக்கண்ணுவின் வாயில் எச்சில் ஊறியது. காய்ந்த ரொட்டியைக் கிள்ளி வாயில் போட்டாள். இறங்கியது. இன்னொரு கிள்ளு. வாசத்தைத் தொட்டுத் தொட்டே முழு ரொட்டியையும் தின்றுவிட்டுத் தூங்கினாள். மறுநாள் காய்ச்சல் விட்டது. கால் வீக்கம் மட்டும் மார்கழி வந்தும் வடியவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ராக்காயியிடம் கடன்பட்டிருப்பது வெளியே தெரிந்துவிடும். கோழியிடம்கூடச் சொல்லவில்லை.

வாருங்கள், இந்தப் பக்கம் இறங்குவோம்.

5

ஞாயிற்றுக்கிழமை காலை. பெரிய இரும்புச் சட்டியில் வெங்காயம் வதங்குகிறது. புளி ஊற்றியாகிவிட்டது, மிளகாய் போட்டாகிவிட்டது, சீனி போட்டாகிவிட்டது, உப்பும் போட்டாகிவிட்டது. ருசி பார்க்க முடியாது. நேர்ந்துகொண்டதைச் சாமிக்குக் காட்டும்வரை நாக்கில் வைக்கக் கூடாது. உப்பை மனக்கணக்கில்தான் போட்டாள். போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தாள். சுவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் தப்புச் சத்தம்.

எங்கள் தோட்டத்தில் தப்புக்கு மூன்று அடி உண்டு. கோயிலுக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று, விடிகாலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்கு ஒன்று. மலைக்குப் போகிறவர்களுக்குத் திருநீறு கொடுக்கப் போகிறார்கள், கோயில் அடி அடித்துவிடு என்று தப்படிக்கும் அழகனிடம் சொல்லியிருந்தார்கள். அழகன் நல்ல மனுஷன். ஆனால் குளிரில் கை விறைத்திருந்தது. விறைத்த கை தனக்குப் பழகியதை அடித்தது. பெரட்டு அடி.

ராக்காயியின் காலுக்கு ஞாயிறு, திங்கள் தெரியாது. அந்த அடி கேட்டால் எழுந்துவிடும். அகப்பையைப் போட்டாள், படங்கைச் சுற்றினாள், கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டினாள், ஓடினாள். லயம் முழுக்க ஓடியது. பல்குச்சியோடு ஒருத்தி, தலை பின்னிய பாதியில் ஒருத்தி, பிள்ளையை மாற்றித் தூக்கிக்கொண்டு வந்தவள் ஒருத்தி. பெரட்டுக் களத்தில் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். நல்லமுத்துக் கங்காணியும் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து பேர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். பாதி வரிசை கூப்பிட்டாயிற்று.

பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். “ஐயா, இன்னைக்கு ஞாயித்துக்கெழமை இல்லீங்களா?”

கங்காணி கூப்பிட வந்த பேரைப் பாதியில் விட்டார்.

“அப்ப நான் எதுக்கு வந்தேன்?” என்றார் கங்காணி.

“எங்களக் கேட்டா எப்புடிங்க? நீங்க பேரு கூப்புட்டீங்க, நாங்க நின்னோம்.”

முதலில் சிரித்தது கங்காணிதான். அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. கூடைகள் குலுங்கின. மாறிப்போன பிள்ளையைத் தேடி ஒரு தாய் வந்து, சிரிப்பில் அதை வாங்க மறந்து நின்றாள். அழகன் தப்பைத் தூக்கிக்கொண்டு மேட்டிலிருந்து ஓடிவந்து, “தாயே, மன்னிச்சிருங்க, கை சொன்னாக் கேக்கல” என்று கும்பிட, அதற்கு இன்னொரு சிரிப்பு.

ராக்காயியும் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. சிரிப்பு பொங்கவும் கையால் வாயைப் பொத்தினாள்.

கையில் வெங்காய வாசம் அடித்தது.

6

களத்திலிருந்து லயத்துப் படிக்கட்டில் அவள் ஓடிய ஓட்டத்தை எழுதப் பார்த்தேன். முடியவில்லை, அவள் எனக்கு முன்னால் போய்விட்டாள். கூடை முதுகில் அடித்தது. தீய்ந்த நாற்றம் அப்போதே மூக்கில் ஏறுவதுபோல இருந்தது. ஒரு சாக்கு வெங்காயம். ஒரு சேலை. புருஷனின் கை. சாமி, என் காலு பண்ணுன தப்புக்கு அவரு கையை எடுத்துராத.

கதவு ஒருக்களித்திருந்தது.

புகை இல்லை. விறகு பின்னுக்கு இழுக்கப்பட்டிருந்தது. சட்டி அடுப்பிலிருந்து இறங்கி, சுருட்டிய சாக்கின் மேல் நிதானமாக உட்கார்ந்திருந்தது. வெங்காயம் நல்ல சாயத் தேத்தண்ணி நிறத்தில், எண்ணெய் பிரிந்து, எந்த ஓரத்திலும் கருகாமல் மின்னியது. அகப்பை சட்டியின் குறுக்கே.

அவள் நின்றாள். வீரய்யா விடியலிலேயே கோயிலுக்குப் போயிருந்தான். லயத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் களத்தில். சாமியே இறங்கிவந்து இறக்கி வைத்திருக்குமோ என்று கையெடுத்துக் கும்பிடக் குனிந்தாள்.

குனிந்த கண்ணுக்கு அடுப்பங்கரையில் நாலைந்து உப்புக் கல் சிந்திக் கிடந்தது தெரிந்தது.

ராக்காயி உப்பைச் சிந்துகிறவள் அல்ல. உப்புச் சட்டியின் மூடி வேறு கோணலாக இருந்தது.

முதலில் வந்தது கோபம். என் அடுப்படியில, என் நேர்த்தியில. பிறகு, வீங்கிய காலோடு இஸ்தோப்புத் தூணைப் பிடித்துப் பிடித்து ஒருத்தி வந்ததும், வதக்கி முடித்ததும், இந்தக் கனத்த சட்டியை ஒருத்தியாக இறக்கியதும், எல்லாம் முடிந்து திரும்பப் போகிற நேரத்தில் மூக்கு சும்மா விடாமல் நின்று ஒரு கிள்ளு உப்புப் போட்டதும் அவள் கண்முன் ஓடின. களத்தில் விட்டுவந்த சிரிப்பு திரும்ப வந்தது. சத்தம் வராமல் சிரித்தாள். கண் கலங்கியது. வெங்காயம் அரியாமலே.

7

இனி முடிவு.

ஒரு முடிவில், ராக்காயி கோழியைக் கூப்பிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டே, “ஏ கோழி, இப்பத்தான் உப்பு சரியா—”

இனிப்பு அதிகம். சீனிச் சம்பலுக்கும் ஓர் அளவு உண்டு.

இன்னொன்றில், சாமிக்குக் காட்டிய பிறகு ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போகிறாள். ஆனால் அம்மாக்கண்ணு தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொள்கிறாள். நான் எத்தனை முறை எழுதியும் கண்ணைத் திறக்க மாட்டேன் என்கிறாள்.

எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். சம்பல் லொறியில் ஏறியது. மலையடிவாரத்து நல்லதண்ணியில் இறங்கி மலையும் ஏறியது. திரும்பிவந்த வீரய்யா செருப்பைக் கழற்றும் முன்னே, அவனுக்குக் காரணம் தெரியாமலே, ராக்காயி கேட்டாள்: “உப்பு எப்புடிங்க இருந்துச்சு?” அவன், “கையில வச்சு நக்குனானுங்க” என்றான். “செத்தச் சத்தமாச் சொல்லுங்க” என்றாள். அவன் கூரைக்குக் கேட்கச் சொன்னான்.

பிறகு யார் முதலில் பேசினார்கள் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி பேசினாள் என்பது மட்டும் நிச்சயம். அந்தக் கோழி அதற்கப்புறம் வேலையில்லாமல் திரிந்ததைப் பார்த்தேன்.

கதையில் ஓர் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. லயம் முழுக்கக் களத்துக்கு ஓடிய பிறகு, ராக்காயி திரும்பி வருவதற்கு முன்னால். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். சண்முகவடிவுக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது என்றும் நினைக்கிறேன். ஆனால் நான் எழுதினால் நான் சாட்சி. நீங்கள் படித்தால் நீங்களும் சாட்சி. யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில்தான் அவள் வருகிறாள்.

அதனால் வாருங்கள், இஸ்தோப்புக்கு வெளியே போய் மலையைப் பார்த்து நிற்போம். களத்திலிருந்து சிரிப்பு கேட்கிறது. நமக்குப் பின்னால் ஒரு கால் இழுத்து இழுத்து வருகிறது, கதவு முனகுகிறது, அகப்பை சட்டியின் அடியைத் தொட்டுச் சுரண்டுகிறது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.