காசிராஜன் இன்னும் கை கழுவவில்லை

காசிராஜன் பரோட்டா சாப்பிடப் போய் மூன்றாவது ஆடியும் வந்துவிட்டது. இன்னும் கை கழுவவில்லை. கடை ஒன்றும் வெளியூரில் இல்லை. வீட்டுக்கு நேர் எதிரே, தெருவைத் தாண்டினால் தங்கத்துரையின் பரோட்டாக் கடை. போகும்போது, "சாப்பிட்டுட்டு வர்றேன் வடிவு" என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். சொன்ன சொல் தவறுகிற ஆள் இல்லை அவர். சாப்பிட்டு முடிக்கவில்லை, அதனால் வரவில்லை. அவ்வளவுதான் சங்கதி.

சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மனுஷனை எழுப்பக் கூடாது. வெள்ளூரணியில் இது பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். எழவு விழுந்தாலும் சரி, அவர் கை கழுவி வந்த பிறகுதான் காதில் போடுவார்கள். அதனால் தங்கத்துரை கடையில் இப்படி நாலைந்து பேர் எப்போதும் உட்கார்ந்திருப்பது வழக்கம்தான். தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒருத்தர் கொத்துப் பரோட்டாவுக்கு உட்கார்ந்த இடத்திலேயே ரிட்டயர் ஆனார். சக ஊழியர்கள் மாலையை அங்கேயே கொண்டுவந்து போட்டு, சால்னாவில் படாமல் ஒதுக்கிவிட்டுப் போனார்கள்.

காசிராஜன் டெய்லர். சாப்பிடுவது வலது கைதானே, இடது கை சும்மா கிடக்குமா? சட்டை தைக்க வருகிறவர்கள் அவர் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். இடது கையால் டேப்பைப் பிடித்து அளவு சொல்வார். துணி தெருவைக் கடந்து வீட்டுக்கு வரும். சுந்தரவடிவு வெட்டித் தைத்துக் கொடுப்பாள். தொழிலுக்கு ஒரு குறையும் இல்லை, சும்மா சொல்லக் கூடாது.

குறை வடிவுக்குத்தான். சாப்பிடுகிறவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் கூடாதே, கண் பட்டுவிடும். கட்டினவள் கண்ணானாலும் கண் கண்தான். அதனால் தெருப்பக்கத்து ஜன்னலை அன்றைக்கே சாத்திக் கொண்டி போட்டுவிட்டாள். தினம் இருபது தடவை அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் போவாள், வருவாள். எதிரே, "மாஸ்டர், இன்னும் கொஞ்சம் சால்னா" என்று அவர் குரல் கேட்கும். சாத்தின ஜன்னலில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, போய்க் காஜா எடுப்பாள்.

இதற்கெல்லாம் ஆரம்பம் டாக்டர் சொன்ன ஒரு வார்த்தை. காசிராஜனுக்கு ரத்தத்தில் கொழுப்பு தாறுமாறாக ஏறிக் கிடக்கிறது, இனிமேல் கடைப் பண்டத்தில் கை வைத்தால் நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார். அந்த மனுஷனுக்கோ உயிரே கடைப் பண்டத்தில்தான். வடிவு என்ன செய்வாள், பாவம்? மைதாவைத் தூக்கி வெளியே கடாசினாள். கடையில் என்னவெல்லாம் உண்டோ அதையெல்லாம் உடம்புக்குக் கெடுதலில்லாமல் வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தாள். பணியாரக் கல்லில் குழிக்குச் சொட்டு எண்ணெய் விட்டுக் காலிபிளவர் சிக்ஸ்டி ஃபைவ். சாமை அரிசியில் ஃபிரைட் ரைஸ். கேழ்வரகு பன்னில் பர்கர். கோதுமை மாவில் பரோட்டா.

"இது என்ன வடிவு?" என்று கேட்பார் காசிராஜன்.

"நூடுல்ஸ் மாதிரி."

மறுநாள் பர்கர் மாதிரி. அதற்கு மறுநாள் பரோட்டா மாதிரி. வெள்ளூரணி வீடுகளில் மாதிரி என்பதே ஒரு பலகாரத்தின் பெயராகிவிட்டது. காசிராஜன் ஒரு வருஷம் மூச்சுக் காட்டாமல் சாப்பிட்டார். குறை சொன்னதே இல்லை. ஆனால் போகப் போக அவர் சிரிப்பது சிரிக்கிற மாதிரி இருந்தது. படுத்தால் தூங்குகிற மாதிரி இருந்தது. ஒரு சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்றார். வடிவுக்கு மறிக்க மனசு வரவில்லை. துடைத்துக்கொள்ளக் கைக்குட்டைகூட எடுத்துக் கொடுத்தாள்.

போன பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. டாக்டரிடம் ஓடினாள். டாக்டர் கடைக்கே வந்து, காசிராஜனின் இடது கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றும் இல்லையம்மா என்றார். கை கழுவுகிற வரைக்கும் தின்றது எதுவும் உடம்பில் சேராது. கழுவுகிற நேரத்தில் இலையில் கடைசியாக என்ன இருந்ததோ அதுதான் கணக்கு. அது கடைப் பரோட்டாவாக இருந்தால் நாலு வீடு தாண்ட மாட்டார். வீட்டில் செய்ததாக இருந்தால் தொண்ணூறு வயசு வரை இருப்பார். சொல்லிவிட்டு அவரும் ஒரு செட் பார்சல் வாங்கிக்கொண்டு போனார்.

ஆகக்கூடி வடிவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. புருஷன் கடைசியாகத் தின்கிற பரோட்டா அவள் கையால் செய்ததாக இருக்க வேண்டும். அதைத் தின்று அவர் போதும் என்று இலையை மடக்க வேண்டும். ஆனால் காசிராஜன் போதும் என்று சொல்ல வேண்டுமானால் அது பரோட்டாவாக இருக்க வேண்டுமே. பரோட்டா மாதிரி இருந்தால் நடக்குமா?

பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய் ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே, மனசு பொறுக்காமல்தான், "உன் புருசன் உன்னையக் கை கழுவிட்டாருடி. இன்னுமா இந்த மாவைக் கட்டிக்கிட்டு அழுவுற?" என்று கேட்டுவிட்டாள்.

"அவுக இன்னும் கையே கழுவலக்கா" என்றாள் வடிவு.

ஆவுடைத்தாய் மறுபடி காய் நறுக்கப் போய்விட்டாள். ஊருக்கே தெரிந்த உண்மை அது.

மாவு அவளைப் படாத பாடு படுத்தியது. மைதா வீசினால் முந்தானைக்கணக்காக விரியும். கோதுமை வீசினால் கிழியும். தயிர் சேர்த்தாள், கிழிந்தது. வெந்நீரில் பிசைந்தாள், வறட்டியாக வந்தது. வெந்த உருளைக்கிழங்கை மசித்துச் சேர்த்து, ஈரத்துணி போட்டு மூடி, பொழுதுக்கும் காத்திருந்து வீசினாள், பாதி விரிந்தது. தேங்காய் இல்லாமல் பொட்டுக்கடலை அரைத்துவிட்டுச் சால்னா வைத்தாள். சோம்பும் பட்டையும் கொதிக்கிற நேரத்தில் எதிர்க்கடையில் காசிராஜனின் குரல் ஒரு நொடி நிற்கும். வடிவு கரண்டியைப் பிடித்தபடி மூச்சடக்கி நிற்பாள். பிறகு, "மாஸ்டர், இன்னொரு செட்" என்று கேட்கும்.

பதம் பார்த்துச் சொல்ல அவளுக்கு வாய்த்தவர் கொம்பையா மாஸ்டர், அந்தக் கடையில் பரோட்டா போடுகிறவரேதான். அவருக்குச் சர்க்கரை வியாதி. ஊருக்கெல்லாம் பரோட்டா போட்டுக் கொடுப்பாரே தவிர, அவர் ஒரு வாய் தின்னக் கூடாது. கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் தெருவைத் தாண்டி வந்து, வடிவு அன்றைக்குச் செய்ததில் பாதி தின்றுவிட்டு எழுந்துகொள்வார்.

"எப்படிண்ணே இருக்கு?"

"பரோட்டா மாதிரி இருக்கு தாயி."

அந்த வார்த்தையைக் கேட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மாஸ்டருக்கும் வருத்தம்தான், ஆனால் பொய் சொல்லத் தெரியாது. போகும்போது காசிராஜனைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். காதோரம் நரை விழுந்திருக்கிறது என்பார். வீட்டுப் பக்கம் மிஷின் சத்தம் கேட்டால் மெல்லுவதை நிறுத்திக் கேட்பார் என்பார். அன்றைக்கெல்லாம் வடிவு வேண்டுமென்றே பழைய துணியைப் போட்டு மிஷினை மிதித்துக்கொண்டிருப்பாள்.

ஆடி வெள்ளிக்கிழமை மத்தியானம் மாஸ்டர் வந்தார். வடிவு ஒரு பரோட்டாவை இரண்டு உள்ளங்கையாலும் அடித்து, இலையில் வைத்துச் சால்னா ஊற்றினாள். அவர் பிய்த்தார். பிய்க்கும்போது ஏடு ஏடாக வந்தது. ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய் வைத்தார். வடிவு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். மாஸ்டர் நிமிராமல் இடது கையை நீட்டி இன்னொன்று வைக்கச் சொன்னார். பிறகு இன்னொன்று. சாயங்காலக் கூட்டத்துக்கு அடுப்பு மூட்டுகிற நேரம் வந்தது. மாஸ்டர் கை கழுவவில்லை.

வடிவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இத்தனை நாள் தவம் கிடந்து பரோட்டாவைப் பிடித்தாகிவிட்டது. அதில் வந்து சிக்கினவர் வேறு ஆள்.

கொஞ்ச நேரத்தில் தங்கத்துரையே வாசலில் வந்து நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். மாஸ்டர் தின்றுகொண்டிருப்பதைக் கண்டதும் நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாஸ்டரைக் கூப்பிட வழியில்லை. அங்கே கடையில் ஆறு பேர் வெறும் இலையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். மடக்காத இலையைக் காலியாக விட்டால் கடை விளங்குமா, ஊர்தான் விளங்குமா?

"மதினி, நீங்கதான் வந்து பரோட்டாக் கல்லுல நிக்கணும்" என்றார்.

வடிவு மாஸ்டருக்குக் கைக்கெட்டுகிற இடத்தில் ஒரு அடுக்குப் பரோட்டாவும் சால்னாச் சட்டியும் தண்ணீரும் வைத்தாள். பிசைந்த மாவுத் தூக்குவாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவைத் தாண்டினாள். பரோட்டாக் கல், கடை வாசலிலேயே தெருவைப் பார்த்து இருக்கிறது. அங்கே நின்றால் முதுகுதான் கடைக்கு. திரும்பக் கூடாது, உள்ளே சாப்பிடுகிறார்கள். பத்தடி பின்னால் அவர் உட்கார்ந்திருக்கிறார். மூன்று வருஷத்தில் இவ்வளவு கிட்டத்தில் அவள் நின்றதில்லை. அவர் பெஞ்சில் அசைகிற சத்தம்கூடக் கேட்டது.

அவள் வீசினாள். மாவு விரிந்தது. சுருட்டி, தட்டி, கல்லில் போட்டு, திருப்பி, நாலை அடுக்கி அடித்தாள். தங்கத்துரை எடுத்துக்கொண்டு போய் வைத்தார். பிய்க்கிற சத்தம் கேட்டது.

"மாஸ்டர்" என்றார் காசிராஜன், இலையை விட்டு நிமிராமல். குரல் என்னவோ போல் இருந்தது. "எங்க வீட்ல செய்யிற மாதிரியே இருக்கு."

வடிவு அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். கண்ணீர் கல்லில் விழுந்து சுர் என்றது.

"எங்க வீட்டுக்காரி இன்னும் நல்லாச் செய்வா" என்றார் அவர். "போதும் மாஸ்டர்."

இலை மடங்கியது. பெஞ்சு பின்னால் நகர்ந்தது. குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கடையில் எல்லாரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். ஆவுடைத்தாய் சொன்ன வார்த்தை அந்த நேரம் பார்த்து வடிவின் நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கழுவுகிறாரே, எதைக் கழுவுகிறார்? செருப்புச் சத்தம் அவள் முதுகுக்குப் பின்னால் ஓரமாக வந்து, கல்லில் நிற்பது யார் என்று பார்க்காமலே படி இறங்கியது. நாலு வீடு தாண்ட மாட்டார் என்ற பயம் இல்லை, கடைசியாகத் தின்றது அவள் கையால் செய்தது. ஆனால் இடது பக்கம் போனால் பஸ் ஸ்டாண்டு, நேரே போனால் வீடு. புறப்பட்டுப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. வடிவு கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவர் நேரே போனார். ஓட்டமும் நடையுமாகப் போனார். தெருவில் பாதியிலேயே, "வடிவு" என்று கூப்பிட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

உள்ளே மாஸ்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காசிராஜன் அவரைப் பார்க்காத மாதிரி ஒதுங்கி, அடுப்படிக்குப் போனார், பின்கட்டுக்குப் போனார், மிஷினுக்குப் பக்கத்தில் போனார். பிறகு தெருப்பக்கத்து ஜன்னலின் கொண்டியை எடுத்துவிட்டுத் திறந்தார். எதிரே கல்லுக்குப் பின்னால், புகைக்கு நடுவில், வடிவு.

அவர் இப்போது சாப்பிடவில்லை. அதனால் அவள் பார்க்கலாம். ஆசை தீரப் பார்த்தாள். நரை அவள் நினைத்ததைவிடக் கூடுதலாக இருந்தது. ஓடி வந்துவிடலாம்தான், ஆனால் கல்லில் நாலு வெந்துகொண்டிருந்தது, உள்ளே ஐந்து இலை விரிந்து கிடந்தது. அவரும் வரலாம்தான், ஆனால் வீட்டில் ஒரு மனுஷன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவருக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் விட்டு வரலாமா? அவர் அங்கே நின்றார், இவள் இங்கே நின்றாள். நடுவில் மினி பஸ் போனது, வந்தது. பக்கத்தில் இல்லாத மனுஷனுக்கு ஏங்குவது ஒரு மாதிரி. கண்ணெதிரே இருக்கிறவருக்கு ஏங்குவது உயிரை எடுத்துவிடும்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு எழுந்தது. தெருவில் இரண்டு பக்கமும் பார்த்தது. ஒரு டவுன் பஸ்ஸைப் போகவிட்டு, மெதுவாகத் தெருவைக் கடந்து வந்து, ஜன்னல் வடிவின் முகத்துக்கு நேராக வரும்படி கல்லுக்கு முன்னால் நின்றது. உள்ளே மாஸ்டர் இடது கையால் சால்னாச் சட்டியைப் பிடித்துக்கொண்டார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"சாப்பிட்டாச்சு வடிவு" என்றார் காசிராஜன்.

அவர் ஜன்னல் கம்பிக்கு நடுவே வலது கையை நீட்டினார். வடிவு மாவுக் கையோடு அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பரோட்டாவைத் திருப்பிப் போட்டாள். பார்சல் வாங்க வருகிறவர்களுக்கு வழி வேண்டும், கொஞ்சம் ஓரமாக நிற்கட்டும் என்று தங்கத்துரை உள்ளேயிருந்து சொன்னார். வீடு ஓரமாக நின்றது.