ஐம்பத்தோராவது நிமிஷம்

எங்க வீட்டுக்காரர் பக்ருதீனுக்கு மண்டியில தோல் யாவாரம், வீட்டுல சென்சார் வேலை. எந்தப் படமா இருந்தாலும் மொதநா மண்டியில உக்காந்து, காதுல வயரச் சொருகிக்கிட்டு, செல்லுல அவர் பாத்து முடிச்சாத்தான் மறுநா நாங்க டிவியில பாக்கலாம். சும்மாவும் பாக்க மாட்டாரு. எத்தனாவது நிமிஷத்துல முத்தம், எத்தனாவது நிமிஷத்துல குடி, எங்க கெட்ட வார்த்தை, எல்லாத்தையும் துண்டுச்சீட்டுல குறிச்சுக்கிட்டு வந்துருவாரு. கவர்மென்டே 'யூ'ன்னு சர்டிபிகேட் குடுத்தாலும் எங்க வீட்டுல செல்லாது. அந்த நிமிஷம் நெருங்குனதும் மூத்தவ ஃபாயிஸாவப் பாத்து, தண்ணி கொண்டாம்மான்னுவாரு. அவ திரும்பி வர்றதுக்குள்ள ரிமோட்ட அமுக்கி ஓட்டிருவாரு. சின்னவ ரீனாவுக்கு ஏழு வயசு, அதுகிட்ட மறைக்கிறதுல நியாயம் இருக்கு. காலேஜ் போற புள்ளைக்கு எதுக்கு இந்தத் தண்ணி? சினிமா பாக்குறதுக்குன்னே அவ குடம் குடமாச் சொமந்துருக்கா. கேலி பண்ணுனா சிரிச்சுக்குவாரு, சீட்ட மட்டும் விட மாட்டாரு.

இந்தத் தடவ அந்தச் சீட்டுல ஒரு சீன் ஏறிறக் கூடாதேன்னு நான் துவா செஞ்சேன்.

விசயம் இதுதான். பத்து நாளைக்கு முன்னாடி ஃபாயிஸா அடுப்படியில எம் பக்கத்துல வந்து நின்னு, வெங்காயம் உரிச்சா. வெங்காயத்துக்கு அழுகுறாளாக்கும்னு இருந்தேன். அப்பறம் மெதுவாச் சொன்னா. காலேஜுக்குப் போற ஏழே முக்கால் பஸ்சுல ஒருத்தன் தெனமும் அவ பின்னாடியே வந்து நிக்கிறானாம். கூட்டத்தச் சாக்கா வச்சுக் கைய வைக்கிறானாம். முன்னாடி போனா முன்னாடி வர்றான், பின்னாடி போனா பின்னாடி வர்றான். பத்துப் பன்னெண்டு நாளா நடக்குது. அவன் கை கொள்ளையில போக! அத்தாகிட்ட மட்டும் சொல்லிராதம்மா, காலேஜ நிறுத்திருவாருன்னு என் கையப் புடிச்சுக்கிட்டா.

அப்பனுக்கு அவ பயந்ததுலயும் தப்பில்ல. இவரு அண்ணன் மகளுக்கு எவனோ ஒருத்தன் நாலு தடவ போன் போட்டான். அதுக்கே அந்தப் புள்ளையப் பன்னெண்டாவதோட நிறுத்தி, மூணே மாசத்துல நிக்காஹ் முடிச்சுட்டாங்க. இவரும் அன்னைக்கு ஒரு வார்த்தை எதுத்துப் பேசல, தலைய ஆட்டிக்கிட்டுத்தான் நின்னாரு. எம் மக பி.எஸ்சி மொத வருசம். நான் பத்தாவதத் தாண்டல. எங்க வீட்டுல டிகிரின்னு ஒண்ணு வந்தா அது அவளாலதான் வரணும். இவருகிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே அலைஞ்சேன்.

அப்பத்தான் பக்கத்து வீட்டு சகாயராணி ஒரு படத்தப் பத்திச் சொன்னா. அதுலயும் ஒரு பொண்ணுக்கு பஸ்சுல இதே கொடுமை. அத்தாகாரன்கிட்ட அழுதுக்கிட்டே வந்து சொல்லுது. அவன் பொண்ணையே கண்டபடி ஏசி, நாளையில இருந்து வீட்டோட கெடன்னு சொல்லிர்றான். கடைசி அரை மணி நேரம் தான் செஞ்சத நெனச்சு அழுது, மக கையப் புடிச்சு மன்னிப்புக் கேக்குறான். சகாயராணி வீட்டுக்காரரே கண்ணத் தொடச்சுக்கிட்டாராம். எனக்குப் பொறி தட்டுச்சு. பொண்டாட்டி சொன்னா ஏறாத புத்தி சினிமாக்காரன் சொன்னா ஏறும். இவரு மனசு எளகுன நேரமாப் பாத்து நம்ம கதையச் சொல்லிருவோம்னு, அந்தப் படத்தப் போடுங்கன்னு நச்சரிச்சேன். ஃபாயிஸாகிட்டயும் சொல்லி வச்சேன்.

சனிக்கெழம மண்டியில இருந்து வந்தாரு. நல்ல படந்தான், ஒரே ஒரு எடம் மட்டும் சரியில்லன்னாரு. சட்டையக் கழட்டி மாட்டுனதும் பைக்குள்ள கையவிட்டுப் பாத்தேன். அம்பத்தொண்ணுல இருந்து அம்பத்தெட்டு வரைக்கும்னு எழுதியிருந்துச்சு. எதுக்கு அத ஓட்டணும், இருந்துட்டுப் போகட்டுமேன்னு சாடையாச் சொல்லிப் பாத்தேன். நம்ம புள்ள பாக்குற எடமில்ல அதுன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாரு. அதுக்கு மேல பேசுனா ஏன் எதுக்குன்னு தோண்டுவாரு.

ஞாயித்துக்கெழம மத்தியானம் லுஹர் தொழுதுட்டு வந்து, நெய்ச்சோறும் தால்ச்சாவும் தின்னுட்டு எல்லாரும் டிவி முன்னாடி உக்காந்தோம். ரீனா பாயிலயே தூங்கிப் போச்சு. ஃபாயிஸா படத்த எங்க பாத்தா? அவ அத்தா மொகத்தையேதான் பாத்துக்கிட்டு இருந்தா. அந்தப் பொண்ணு பஸ் ஏறுச்சு. இவரு ரிமோட்ட எடுத்துக்கிட்டு, தண்ணி கொண்டாம்மான்னாரு. அவ நகரல. ரெண்டாவது தடவ சொன்னாரு. அப்பவும் அவ நகரல. சரின்னு அவள வச்சுக்கிட்டே கட்டவெரல அமுக்கிட்டாரு. பஸ்சு, அழுகை, ஏச்சு எல்லாம் படபடன்னு ஓடி முடிஞ்சு, அந்தப் பொண்ணு சன்னலோரமா உக்காந்துருந்துச்சு.

ஃபாயிஸா எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம். எத்தன நாள்தான் அடக்குறது? ரிமோட்டப் புடுங்கி டிவிய அமத்துனேன். பல்லக் கடிச்சுக்கிட்டுச் சொன்னேன்: "நம்ம வீட்டுலயே நடக்குறத டிவியில ஓட்டிவிட்டா ஆச்சா? மூணு வாரமா ஒங்க மகளுக்கு இதேதான் நடக்குது. ஒங்ககிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு என் முந்தானையில மூக்கச் சிந்துறா."

எந்த பஸ்சுன்னு கேப்பாரு, எவன்டா அவன்னு குதிப்பாருன்னு பாத்தேன். ஒண்ணுமில்ல. அமந்து கெடந்த டிவியப் பாத்துக்கிட்டுச் சொன்னாரு:

"பஸ்சுல நடக்குறதுக்காக ஓட்டல மெஹராஜ். அது தெனம் பேப்பர்ல வர்றதுதானே. அதுக்கப்பறம் அந்த அத்தாகாரன் புள்ளைய ஏசுறான் பாரு, அதுக்காகத்தான் ஓட்டுனேன். அதப் பாத்துட்டு, நாளைக்கு ஒண்ணுன்னா எம் புள்ள எங்கிட்டச் சொல்லப் பயந்துருமேன்னு நெனச்சேன்."

எனக்குக் கண்ணு தளும்பிருச்சு. அவரு எம் மொகத்தப் பாக்காம, அவ ஏற்கெனவே பயந்துதான் கெடந்தாளான்னு தனக்குத்தானே கேட்டுக்கிட்டாரு. அண்ணன் மக விசயத்துல தான் தலைய ஆட்டுனது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சுபோல. அன்னைக்கு நானும் பேசியிருக்கணும்னு முணுமுணுத்தாரு.

பெறகு எந்திரிச்சு அடுப்படி வாசல்ல போய் நின்னாரு. உள்ள போகக் கூச்சம். ஃபாயிஸா திரும்பிப் பாத்ததும் மொதல்ல சொன்னது, "அத்தா, காலேஜ நிறுத்திராதீங்க அத்தா" தான். அவரு அவ தலையில கைய வச்சாரு.

"நீ எதுக்கும்மா நிக்கணும்? எறங்க வேண்டியவன் அவன்."

அவ ஓன்னு அழுதுட்டா. இருபது நாள் அழுகை அது. அவ அத்தா நெஞ்சுல மொகத்தப் பொதைச்சுக்கிட்டு அழுது தீக்கட்டும்னு நான் கிட்டப் போகல.

திங்கக்கெழம ரெண்டு பேரும் ஏழே முக்கால் பஸ்சுல போனாங்க. சாயங்காலம் வந்துதான் இவரு எல்லாத்தையும் சொன்னாரு. ஃபாயிஸா கையக் காட்டுனதும் அவன் சட்டையப் புடிச்சது இவருதான். ஒரு அடி அடிக்கலையாம், நானே நம்பல. கண்டக்டர்கிட்டச் சொல்லி, பஸ்சுல இருந்த நாலு பேரோட ஸ்டேஷன்ல கொண்டுபோய் ஒப்படைச்சாராம். அங்க புகார் குடுக்குறது யாருன்னு கேட்டாங்களாம். இவரு தன் பேரச் சொல்ல வாயத் தொறக்குறதுக்குள்ள, எம் மக முன்னாடி போய், "ஃபாயிஸா, பி.எஸ்சி மொத வருசம்"னு சொல்லி, அவளே உக்காந்து எழுதிக் குடுத்தாளாம்.

அங்க இருந்து ஆட்டோ புடிச்சு நேரா காலேஜ் வாசல்ல எறக்கி விட்டுட்டுத்தான் மண்டிக்குப் போயிருக்காரு. ரெண்டாவது பீரியடுக்குப் போய் உக்காந்துருச்சு எம் மக.